வகை மாற்றப்பட்ட மலை

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்று மங்களேஸ்வரி சொல்லி முடிப்பதற்குள் தவசி மகளின் இடது கையை முடித்திருந்தான்.

"ஏங்க, ஒங்களுக்கு வேற கெழமையே கெடைக்கலயா?"

"வாரம் முழுக்க கெணத்துல ரெட்டை ஷிப்டு. இன்னைக்குத்தான் வீட்ல இருக்கேன். நகம் என்ன கெழமை பாத்தா வளருது?"

"லட்சுமி போயிருவா."

"வந்தால்ல போறதுக்கு," என்றான் தவசி. குயிலி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்பது வயதுக்காரிக்கு அம்மாவை அப்பா மடக்குவதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

கடைசியில் சமாதானம் ஆனது. வலது கை நாளைக்கு. பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்காக அன்று விடுமுறை. ஆனால் கப்பலில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நுண்ணோக்கி வருகிறது, அறிவியல் டீச்சர் என்ற முறையில் மங்களேஸ்வரி படகுத்துறைக்குப் போய் அதை வாங்கி வர வேண்டும். "நானும் வாரேம்மா," என்று குயிலி எழுந்தாள்.

"ஒத்தக் கை நகத்தோடயா? பாக்கறவுக சிரிப்பாக. இருடி, வந்துர்றேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் வண்டி ஏறினாள்.

கொடுவாத் தீவு அந்தமான் கடலில் இருக்கிறது. நடுவில் மலை, மலையின் மேற்கே ஒரு கற்பாறை முகடு, முகட்டுக்கு அப்பால் படகுத்துறை. கடல் ஏறி ஊர் மூழ்கிப் போன பிறகு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்தான் எல்லோரும். அனல்தாரை என்ற நிறுவனம் அவர்களைக் கூட்டிப் போனது. மலைக்குள் ஆழக் குழாய் இறக்கி, பாறைக்குழம்பில் அடைபட்டுக் கிடக்கும் வாயுவையும் சூட்டையும் உறிஞ்சி மின்சாரம் எடுத்து, கடலடிக் கம்பியில் அனுப்புவது அதன் தொழில். பொறியாளர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆட்கள் 'கறவை' என்றார்கள். தவசி மூன்றாம் கறவைக் கிணற்றில் வேலை பார்த்தான். "மாடு கறந்த சாதிசனம் மலை கறக்குது," என்று சொல்லிச் சிரிப்பான்.

அவள் நுண்ணோக்கிப் பெட்டியைக் கையில் வாங்கியபோது சங்கு ஊதியது.

படகுத்துறையில் யாரும் பதறவில்லை. பயிற்சிக்காக மாதாமாதம் ஊதுகிற சங்குதான். ஆனால் இது நிற்காமல் ஊதியது. மங்களேஸ்வரி போனை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"அடிவாரத்துக் கூடத்துல. வரிசையில நிக்கிறோம். ஒம் மக கொடியப் புடிச்சுக்கிட்டு முன்னால நிக்கிறா, கலெக்டர் கெட்டா போ." பின்னாலிருந்து ஒரு குரல் கூவியது: "டீச்சர்ட்ட சொல்லுங்கண்ணே, எம் மாமியா கிரைண்டரத் தூக்கிட்டு வந்துருக்கு!" வரிசையே சிரிப்பது போனில் கேட்டது.

"மலையில என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியல. எப்பவும் வர்ற பொகைகூட நின்னுபோச்சு. பளிச்சுன்னு இருக்கு."

"வண்டி?"

"வரும். மொதல்ல மேல கெணத்து ஆளுகள எறக்கிட்டு வரணும்ல. குழம்பு நடந்து வந்து சேர அர நாளாகும். நீ அங்கனயே இரு, நாங்க வந்துர்றோம்."

அவர்கள் வரவில்லை.

முகட்டுக்கு மேலே கறுப்பாக ஒரு தூண் எழுந்ததை அவள் பார்த்தாள். சத்தம் பிறகுதான் வந்தது. தூண் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அதன் அடி உடைந்து, சரிவு முழுவதும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, பால் பொங்கி அடுப்பில் வழிவதுபோல், அவ்வளவு வேகமாக இறங்கியது. படகோட்டி சூசை அவளை இடுப்போடு தூக்கிப் படகில் போட்டான். முகடு அந்தச் சாம்பலைத் தடுத்து வடக்கே திருப்பி விட்டதால் படகுத்துறை பிழைத்தது.

சாம்பல் ஆறிய பின் உள்ளே போன மீட்புக்குழு ஒரு செய்தியைச் சொன்னது. கூடத்தில் வரிசை கலையவே இல்லையாம்.

*

அந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று மங்களேஸ்வரிக்குத் தெரியும்.

முதலில் எல்லோரும் படகுத்துறைப் பக்கம்தான் குடியிருந்தார்கள். மலை அரசுப் பட்டியலில் 'அடுக்கு எரிமலை' என்று இருந்தது. அடுக்கு எரிமலை வெடிக்கும். அதன் அடிவாரத்தில் குடியிருப்பு கூடாது என்பது சட்டம். தினமும் வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கி வருவது நிறுவனத்துக்குத் தொந்தரவாக இருந்தது. பல வருடம் கறந்த பிறகு, மலையில் வாயு குறைந்துவிட்டது, இனி இது வெடிக்கிற வகை இல்லை, வழிகிற வகை என்று விண்ணப்பித்தார்கள். மலை 'கேடய எரிமலை' ஆனது. அடிவாரத்தில் வரிசையாக வீடுகள் எழுந்தன. குடிபுகுந்த அன்று பந்தல் போட்டு, நாகஸ்வரம் வைத்து, கறி விருந்து போட்டார்கள்.

"தாசில்தாரப் புடிச்சு மலைக்கே சாதி மாத்திப்புட்டானுக," என்று தவசி அன்றைக்குச் சொன்னான். "நமக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கறதுக்குள்ள செருப்பு தேஞ்சு போகுது."

மலையின் வகை மாறியதும் பயிற்சியும் மாறியது. முன்பெல்லாம் சங்கு ஊதினால் போட்டது போட்டபடி படகுத்துறைக்கு ஓட வேண்டும். இப்போது ஓடக் கூடாது. கேடய எரிமலையின் குழம்பு மனிதன் நடப்பதைவிட மெதுவாக வரும். அதனால் அடுப்பை அணை, வீட்டைப் பூட்டு, தேவையானதை எடு, கூடத்துக்கு நட, வரிசையில் நில், வண்டி வரும். ஓடினால் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடிபடுவார்கள் என்று ஓடியவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை வைத்தார்கள். சிறந்த வரிசைக்குப் பரிசும் வைத்தார்கள். அடிவாரத்து வரிசைக்கே வருடாவருடம் கோப்பை கிடைத்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிற சனம் அது. ஊரை ஒரு முறை கடலுக்குக் கொடுத்தவர்கள். இரண்டாவது ஊரையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ள நினைத்தார்கள்.

*

விசாரணை ஆணையம் தூத்துக்குடியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்தது. கல்யாண மண்டபம். மேடையில் மணமக்கள் இருக்கும் இடத்தில் தலைவர் இருந்தார்.

நிறுவனத்தின் வக்கீல் ரங்கப்பிரசாத் மென்மையாகப் பேசுகிறவர். கையைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசினார்.

"சங்கு ஊதியதற்கும் சம்பவத்துக்கும் இடையே ஒன்றேகால் மணி நேரம் இருந்திருக்கிறது, ஐயா. எச்சரிக்கை தாமதமாகவில்லை. துரதிர்ஷ்டவசமாக மக்கள் தீவைவிட்டு வெளியேற முயற்சி செய்யவில்லை. வீட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு கிரைண்டர்கூட மீட்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் அவர்கள் பதற்றம் இல்லாமல், ஒழுங்காக நடந்துகொண்டார்கள். அது எங்கள் பயிற்சியின் தரத்துக்குச் சான்று என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறோம்."

மங்களேஸ்வரி எழுந்துவிட்டாள். அவள் முறை இன்னும் வரவில்லை.

"சான்றா? நிக்கச் சொன்னீங்க, நின்னாங்க. ஓடுனா தண்டனைன்னீங்க, ஓடல. இப்ப ஏன் ஓடலன்னு அவங்ககிட்டயே கேக்குறீங்க. செத்தவங்கள நல்ல புள்ளைங்கன்னும் சொல்றீங்க, முட்டாளுங்கன்னும் சொல்றீங்க. எதாவது ஒண்ணச் சொல்லுங்க சார்!"

மண்டபத்தில் ஒரு காப்பி டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. காவலர் அவளை நோக்கி வந்தார். தலைவர் கையமர்த்தினார்.

"அம்மா, நீங்க அறிவியல் டீச்சர்னு மனுவில இருக்கு. கேடயம், அடுக்கு, அது இதுன்னு காலையிலேர்ந்து பேசறாங்க. எனக்கே சரியாப் பிடிபடல. புரியற மாதிரி சொல்லுங்க."

அவள் கரும்பலகைமுன் நிற்பதாக நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தால்தான் குரல் வரும்.

"ரசத்தத் தரையில ஊத்துனா என்ன ஆகும்? தண்ணியா ஓடிப் பரவும். பாறைக்குழம்பு அப்படி நீர்க்க இருந்தா, உள்ள இருக்கற வாயு சுலபமா வெளியேறிரும், குழம்பு சத்தமில்லாம வழிஞ்சு தூரமாப் போயி ஆறும். மேல மேல வழிஞ்சு தட்டையா, அகலமா, கவுத்து வச்ச கேடயம் மாதிரி மலை உண்டாகும். அது கேடய எரிமலை. கேப்பக் களி கிண்டிப் பாத்திருக்கீங்களா? அது வழியாது. உள்ள ஆவி மாட்டிக்கிட்டு, மொட்டு மொட்டா வந்து வெடிச்சு கையிலேயே தெறிக்கும். குழம்பு அந்த மாதிரி கெட்டியா இருந்தா ஒரு தடவை சாம்பலா வெடிக்கும், ஒரு தடவை குழம்பாக் கக்கும். சாம்பல் ஒரு அடுக்கு, குழம்பு ஒரு அடுக்குன்னு செங்குத்தா வளரும். அது அடுக்கு எரிமலை. சின்னதா ஒண்ணு இருக்கு. தாளிக்கறப்ப கடுகு தெறிக்கிற மாதிரி கல்லுகல்லாத் தெறிச்சு, வாயச் சுத்திக் குமிஞ்சு நிக்கும். தணல்கூம்புன்னு பேரு. இன்னொண்ணு, குழம்பு ரொம்பக் கெட்டியாகி வாயிலேயே உக்காந்து மூடிரும். குவிமாடம்."

"மூடிக்கிட்டா நல்லதுதானே?"

இதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியும். போனில் தவசி 'பளிச்சுன்னு இருக்கு' என்று சொன்ன குரல் குறுக்கே வந்து நின்றது.

அடுத்த சாட்சி நிறுவனத்தின் நிலவியலாளராக இருந்த ஜெபக்கனி. சம்பவத்துக்குப் பிறகு வேலையை விட்டவள். நாற்பது வயதிருக்கும். அவள்தான் அந்தப் பதிலைச் சொன்னாள்.

"நல்லது இல்ல ஐயா. புகை நிக்கறதுதான் எல்லாத்தையும் விட மோசமான அறிகுறி. நாங்க வாயுவை மட்டும் எடுக்கல, சூட்டையும் எடுத்தோம். சூட்டுக்குத்தான் மின்சாரம். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சறாங்கல்ல, அடுப்பக் கொறைச்சா பாகு என்ன ஆகும்? எறுகும். மேல இருந்த குழம்பு வாயு போயி, சூடும் போயி, எறுகி, வாயில மூடியா உக்காந்துருச்சு. கீழ புதுக் குழம்பு வந்துக்கிட்டே இருக்கு."

"புதுக் குழம்பு எங்கிருந்து வருது?"

"கடலுக்கடியில ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில நுழையுது. நுழையறப்போ கடல்தண்ணியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகுது. அந்தத் தண்ணிதான் ஆழத்துல பாறைய உருக வைக்குது, அதே தண்ணிதான் ஆவியாகி வெடிக்க வைக்குது. அந்த மலை வெடிக்கிற மலையாப் பொறந்தது அதனாலதான். அதோட வகைய மாத்தணும்னா கடல் தரையோட போக்க மாத்தணும். பேப்பர்ல மாத்தினா மாறாது."

"இது நிறுவனத்தில் யாருக்கும் தெரியாதா?"

ஜெபக்கனி ரங்கப்பிரசாத்தைப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியும் ஐயா. வகுப்புல மொத வருசம் படிக்கற பாடம். சூடு எடுக்கறதக் கொறைங்கன்னு நான் சொன்னப்போ யாரும் தப்புன்னு சொல்லல. 'எத்தனை கெணத்த மூடணும்?'னு கேட்டாங்க. மூணுன்னேன். அதோட கூட்டம் முடிஞ்சிருச்சு."

அன்று வெளியே வந்தபோது வாசலில் ஜெபக்கனி நின்றிருந்தாள். மங்களேஸ்வரி ஒதுங்கிப் போகப் பார்த்தாள். ஜெபக்கனி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, எம்மேல கோபம் இருக்கும்."

"இருக்கு. ஆனா ஒங்க மேல மட்டும் வச்சா மத்தவனெல்லாம் தப்பிச்சுருவான்."

"நீங்க என்ன கேக்குறீங்க அவங்ககிட்ட? மனுவுல ஒரே ஒரு வரிதான் இருந்துச்சு."

"அன்னைக்கு அது எந்த மலையோ அந்த மலைன்னு சொல்லணும். வெடிக்கிற மலைக்கு அடியில ஒக்கார வச்சு, வழியுற மலைக்கான பாடம் நடத்துனாங்கன்னு எழுத்துல வரணும். எம் புருசனும் புள்ளையும் தாமசம் பண்ணிச் சாகல. வேற எதுவும் வேணாம்."

"அது உண்மைதான். உண்மைன்னா கெடைக்கும்க்கா," என்றாள் ஜெபக்கனி.

*

கிடைத்தது.

தீர்ப்பு நாளில் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "மனுதாரரின் கோரிக்கையை ஆணையம் முழுமையாக ஏற்கிறது. சம்பவ நாளில் அந்த மலை அடுக்கு எரிமலையாகவே இருந்தது. அதைக் கேடய வகை என்று பதிவு செய்தது பிழை. அந்தப் பதிவு தொடக்கத்திலிருந்தே செல்லாது."

பக்கத்தில் இருந்த படகோட்டி சூசை மங்களேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜெயிச்சுட்டோம் டீச்சர்," என்றான்.

தலைவர் பக்கத்தைத் திருப்பினார்.

"அடுக்கு எரிமலையின் அடிவாரம் குடியிருக்கத் தடைசெய்யப்பட்ட பகுதி. பதிவு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பதால், அந்தத் தடையும் தொடக்கத்திலிருந்தே நடப்பில் இருந்ததாகிறது. ஆகவே சம்பவத்தில் இறந்தவர்கள் தடைசெய்யப்பட்ட பகுதியில் அனுமதியின்றிக் குடியிருந்தோர் ஆவர். அனுமதியின்றிக் குடியிருந்தோரை வெளியேற்றும் கடமை நிறுவனத்துக்கு இருந்ததாகக் கொள்ள இயலாது."

மண்டபத்தில் யாருக்கும் உடனே புரியவில்லை. புரிந்ததும், பின்வரிசையில் ஒரு அம்மாள், கோப்பை வாங்கிய வரிசையில் மூன்று பேரைக் கொடுத்தவள், "என்னது? எம் புள்ள திருட்டுத்தனமாக் குடியிருந்தானா?" என்று கேட்டாள். கத்தவில்லை. நிஜமாகவே கேட்டாள். பந்தல் போட்டு நாகஸ்வரம் வைத்துக் குடியேற்றிய வீட்டுக்கு இப்படி ஒரு பெயரா என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. ரங்கப்பிரசாத் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம்கூட இல்லை. ஒரு வேலை முடிந்த முகம். மங்களேஸ்வரி அந்த முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லியும் கொன்றார்கள். உண்மையை ஒப்புக்கொண்டும் கொல்கிறார்கள். இரண்டாவது முறை கொல்ல அவர்களுக்குச் சங்குகூடத் தேவைப்படவில்லை.

தீர்ப்பில் மூன்றாவதாக ஒரு பத்தியும் இருந்தது. வெடிப்பில் மலையின் தலை பறந்துவிட்டது, வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, வாயு தடையின்றிப் போகிறது, இனி குழம்பு மெல்ல வழியவே வாய்ப்பு அதிகம். எனவே இன்றைய நிலவரப்படி மலை கேடய வகை. கறவை தொடரலாம்.

மங்களேஸ்வரி ஜெபக்கனியிடம் அதைக் காட்டினாள். அவள் இரண்டு முறை படித்தாள்.

"இன்னைக்கு நெலமைக்கு இது பொய் இல்லக்கா. சோத்துப் பானையில மூடி பறந்துட்டா பொங்காது. ஆனா இவங்க மறுபடி சூட்ட எடுப்பாங்க. மறுபடி ஆடை படியும். மறுபடி மூடிக்கும். கீழ தட்டு நுழையறது நிக்கல."

"எத்தனை வருசம்?"

"தெரியல. ஒரு புள்ள பொறந்து கொடி புடிக்கற அளவுக்கு வளர்ற வரைக்கும் இருக்கலாம்."

*

புதுக் குடும்பங்களை ஏற்றும் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்றது. மங்களேஸ்வரி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். எல்லோர் தலையிலும் அனல்தாரை கொடுத்த மஞ்சள் தொப்பி. கப்பல் ஏறுவதற்கு முன்பே பயிற்சி தொடங்கியிருந்தது. விசில் வைத்திருந்த இளைஞன் ஒருவன், "ஓடாதே, நட! தள்ளாதே, நில்!" என்று கூவ, சனம் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றது. நல்ல வரிசை. வளைவே இல்லை.

வேலியோரம் ஒரு பெண் பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முரண்டு பிடிக்கிற பையன்.

"ஏம்மா, எந்த ஊரு?"

"தொண்டிப் பக்கங்க்கா. நீங்களும் வாரீகளா?"

"நான் அங்கதான் டீச்சரா இருந்தேன்."

அந்தப் பெண்ணின் கை பாதியில் நின்றது. செய்தி படித்திருந்தாள் போலிருக்கிறது. "இப்ப அது நல்ல மலையாயிருச்சுன்னு சொன்னாக," என்றாள், மெதுவாக.

"சொல்லுவாக. எங்களுக்கும் சொன்னாக. நீ ஒண்ணு மட்டும் கேட்டுக்க. சங்கு ஊதுச்சுன்னா கூடத்துக்குப் போகாத. அடுப்ப அணைக்காத, வீட்டப் பூட்டாத. பையனத் தூக்கிக்கிட்டு முகட்டத் தாண்டிப் படகுத்துறைக்கு ஓடு."

"ஓடுனா ஒழுங்கு நடவடிக்கைன்னு கையெழுத்து வாங்கியிருக்காகளேக்கா."

"எடுக்கட்டும். உசுரோட நின்னு வாங்கிக்க."

விசில்காரன் பார்த்துவிட்டான். வேகமாக வந்தான். "யாருங்க நீங்க? இங்க நிக்கக் கூடாது. பயிற்சிய ஏன் கெடுக்கறீங்க?" வாயிற்காவலரும் கூடவே வந்தார். மங்களேஸ்வரி வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காவலர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

"ஒங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடுதான்.

"இந்த வரிசை கலையணும்."

அவர்கள் அவளைச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. விசிலை மீறிக் கூவினாள்.

"அக்கா! ஓடுனா எம்புட்டு நேரமாகும்க்கா?"

வரிசையில் சில தொப்பிகள் திரும்பின. மங்களேஸ்வரி திரும்பி நின்று, வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

மலையின் வகையை அதற்குப் பிறகும் மாற்றினார்கள் என்று கேள்வி. அடிவாரத்துக் கூடத்திலிருந்து படகுத்துறைக்கு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும், முக்கால் மணி நேரம்தான்.